வேதம் – வாசகர் கேள்விகள்: ‘இது’ எது?

கேள்வி: எபேசியர் 2:8-ல் ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்று வருகிறது. இங்கே ‘இது’ கிருபையா, விசுவாசமா? விசுவாசம் எனக்குக் குறைவுதான். அப்படியென்றால் இரட்சிப்பும் குறைந்துபோகுமா?

பதில்: தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. நம் ‘இது’ எதற்கும் பொருந்தும். கிரேக்கத்தில் கிருபை (காரிஸ்), விசுவாசம் (பிஸ்டிஸ்) இரண்டுமே பெண்பால் சொற்கள். ‘இது’ என்ற சுட்டு மட்டும் நபும்சகப் பால் (ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல). ஆகவே அது ஒற்றைச் சொல்லைச் சுட்டவில்லை, முன்னால் சொன்னது முழுவதையும் சுட்டுகிறது என்பதே பெரும்பாலான உரையாசிரியர்கள் கொள்ளும் பொருள். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, இரட்சிக்கப்பட்டது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஈவு.

வேற்றுமை உருபுகளையும் கவனியுங்கள். கிருபையி‘னாலே’, விசுவாசத்தைக்‘கொண்டு’. முதலாவது காரணம், இரண்டாவது வழி. தண்ணீர் வருவது ஊற்றிலிருந்து. குழாய் அதைக் கொண்டுவருகிறது, அவ்வளவே. விசுவாசத்தை விலையாக நினைத்துவிட்டால்தான் ‘போதுமான அளவு கட்டினேனா’ என்ற கவலை வரும்.

மாற்கு 9:24-ல் அசுத்த ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடு கத்துகிறான். இயேசு அவன் விசுவாசம் வளரட்டும் என்று காத்திருக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே அசுத்த ஆவியை அதட்டுகிறார்.

வசன அட்டைகள் எபேசியர் 2:9-லேயே நின்றுவிடுவது எனக்கு எப்போதும் குறையாகத்தான் படுகிறது. ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு’ என்பது 10-ம் வசனத்தில் இருக்கிறது. கிரியை அங்கே வேராக அல்ல, கனியாக வருகிறது.

கேள்வி: ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமான் என்கிறார் பவுல் (ரோமர் 4). கிரியைகளினால் என்கிறார் யாக்கோபு (2:21). யாரை நம்புவது?

பதில்: ஒரு தாளில் ஆபிரகாமின் வயதை வரிசையாக எழுதுங்கள். ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது 75 (ஆதி. 12:4). இஸ்மவேல் பிறந்தபோது 86 (16:16). விருத்தசேதனம் பண்ணிக்கொண்டபோது 99 (17:24). ஈசாக்கு பிறந்தபோது 100 (21:5). இனி, ‘அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்’ என்ற ஆதி. 15:6-ஐ எங்கே வைப்பீர்கள்? 75-க்கும் 86-க்கும் நடுவில். அதாவது விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 வருஷம் முன்பு. ‘அது எப்பொழுது எண்ணப்பட்டது’ என்று ரோமர் 4:10-ல் பவுல் கேட்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். விருத்தசேதனம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று புறஜாதியாரிடம் சொன்னவர்களுக்கு அவர் கொடுக்கும் பதில் அது.

யாக்கோபு கை நீட்டுவது, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோகும் ஆதி. 22-ஐ. அதற்குள் ஈசாக்கு பிறந்து, விறகுக்கட்டு சுமக்கும் பிள்ளையாகிவிட்டான். யாக்கோபின் எதிராளியும் வேறு ஆள். உடுக்க வஸ்திரமில்லாத சகோதரனைப் பார்த்து ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவன். ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன’ (2:19) என்கிறபோது ‘விசுவாசம்’ வெறும் ஒப்புதல். ரோமர் 4-ல் அதே சொல் சார்ந்திருத்தல். ஆதி. 15, நீதி கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாள். ஆதி. 22, அது உண்மையென்று வெளியே தெரிந்த நாள். இரண்டு அதிகாரங்களையும் ஒரே நாளின் சம்பவமாக வாசிப்பதால்தான் மோதல் தெரிகிறது.

கேள்வி: என்னை ஏமாற்றியவரை மன்னிக்கச் சொல்கிறார்கள். அவர் செய்தது சின்னத் தப்பு இல்லையே?

பதில்: இல்லைதான். மத்தேயு 18-ம் அதைச் சின்னது என்று சொல்லவில்லை. அங்கே ஒரு உவமை: ராஜா தன் வேலைக்காரனின் பெருங்கடனைத் தள்ளிவிடுகிறார்; அவனோ தனக்கு 100 வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் வேலைக்காரனை விடவில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி (மத். 20:2). அப்படியானால் 100 வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு, உண்மையான நஷ்டம். ஆனால் அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம் என்று வைத்தால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம். அவன் கேட்டதோ தவணை: ‘என்னிடத்தில் பொறுமையாயிரும்’. கிடைத்தது தள்ளுபடி. இரண்டு நிமிடம் கழித்து உடன் வேலைக்காரன் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது அவனுக்குக் காது கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடனைத் தள்ளுவது வேறு, அதே ஆளுக்கு மறுபடி கடன் கொடுப்பது வேறு. இரண்டாவதை இந்த உவமை உங்களிடம் கேட்கவில்லை.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் சிலர் திருவிவிலியம் (வேதத்தின் புதிய பொது மொழிபெயர்ப்பு) கொண்டுவருகிறார்கள். அதில் ‘அருள்’, ‘நம்பிக்கை’ என்றே இருக்கிறது. பொருள் மாறுமா?

பதில்: அருள், கிருபை இரண்டும் காரிஸ்தான், பிரச்சினை இல்லை. ‘நம்பிக்கை’யில்தான் தடுக்கும். 1 கொரிந்தியர் 13:13-ஐ இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றதில் முதலாவதாக நிற்கிறது. வாசிக்கத் தொடங்குமுன் யார் கையில் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.