சிலருக்கு மட்டும் குழு முகவரி பதிவாவது ஏன்?

கூகுள் குரூப்ஸ் என்ற குழு மெயிலுக்கு வரும் விசாரணைகளை, செயலிகளை இணைக்கும் ஜேப்பியர் உங்கள் சிஆர்எம்-இல் (வாடிக்கையாளர் பதிவேட்டில்) ஏற்றும்போது, சிலருக்கு மட்டும் அவர்கள் முகவரிக்குப் பதில் குழு முகவரியே விழுகிறது என்கிறீர்கள். பாவம், ஜேப்பியரைத் திட்டாதீர்கள். அந்தச் சிலர் யாஹூ ஆட்களா பாருங்கள். யாஹூ 2014-இலிருந்தே டிமார்க்கை (போலி அனுப்புநரைத் தடுக்கும் மெயில் விதியை) கடுமையாக வைத்திருக்கிறது. அதனால் குழு வழியாகப் போகும் மெயில் போலி என்று நிராகரிக்கப்படாமல் இருக்க, குரூப்ஸே 'ஃப்ரம்' (அனுப்புநர்) வரியில் குழு முகவரியைப் போட்டுவிடும். பெயருக்குப் பின்னால் 'வியா' என்று தெரியும். ஜிமெயில்காரர்கள் தப்பிவிடுவார்கள்.

உண்மையான முகவரி தொலைந்துபோகவில்லை. மெயிலின் மூல வடிவத்தைத் திறந்தால் 'எக்ஸ்-ஒரிஜினல்-ஃப்ரம்' என்ற வரியில் இருக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (கூகுளின் நிரல் எழுதும் கருவி) கெட்ஹெடர் என்ற கட்டளை கொண்டு அதை எடுத்து, வெப்ஹுக் (தகவலை இன்னொரு சேவைக்கு அனுப்பும் இணைய இணைப்பு) வழியாக ஜேப்பியருக்குத் தள்ளுங்கள். அப்புறம், நேராகப் புதுப் பதிவு போடாமல் முகவரியைத் தேடி, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள். பழைய பதிவுகளைக் கையால்தான் திருத்த வேண்டும். எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.