சோப்புத் தொழிலுக்காகக் கல்லூரியை விடலாமா?

வாழப்பாடியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியலை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, செக்கு எண்ணெயில் குளியல் சோப்பு செய்து ஏற்காட்டில் விற்கப் போகிறேன் என்கிறாள். சோப்பு விற்றுப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கவலை. பிழைக்கலாம். என் கவலை வேறு: இந்தத் தொழிலுக்கு மிகவும் தேவைப்படும் படிப்பையே அவள் பாதியில் விடப் பார்க்கிறாள்.

எண்ணெயும் காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரமும் சேர்ந்தால்தான் கட்டி சோப்பு. 'கெமிக்கலே இல்லை' என்று எழுதி விற்கிறார்களே, அதுவும் இப்படித்தான் வந்தது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்க சோப்பாக மாற சுமார் 183 கிராம் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராம் போதும். இலுப்பை, புங்கம், வேம்பு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு மாறும். எண்ணெயை மாற்றிவிட்டுச் சோடாவைக் குறைக்க மறந்தால், மிஞ்சிய காரம் வாங்கியவர் தோலைப் பதம் பார்த்துவிடும். அதனால்தான் கணக்கில் வருவதைவிட 5 சதவீதம் போலக் குறைத்தே போடுவார்கள். செக்கு எண்ணெய் ஒரே மாதிரி வருவதும் இல்லை. யூடியூப் பார்த்து ஒரு தடவை நன்றாகச் செய்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் அதே தரத்தில் வரவைக்க, அவள் லேபில் அலுத்துக்கொண்டு செய்யும் அந்த டைட்ரேஷன்தான், அதாவது சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு அளவு கண்டுபிடிக்கும் சோதனைதான், கைகொடுக்கும்.

அப்புறம் சட்டம். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. விற்பனைக்குத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தயாரிப்பை மேற்பார்க்க வேதியியலோ பார்மசியோ படித்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆள் அவளாகவே இருக்கலாமே, எதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைப்பது?

பணம் சுழல்வதும் மெதுவாகத்தான். ஊற்றிய சோப்பு காய்ந்து பதமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு விற்க வேண்டுமானால் மார்ச்சிலேயே ஊற்றி முடிக்க வேண்டும். அதுவரை போட்ட பணம் அலமாரியில் தூங்கும். இன்னொன்று, கையால் செய்த சோப்பில் கிளிசரின் தங்கியிருப்பதால் ஈரத்தை இழுக்கும். மலையில் பனிமூட்ட நாட்களில் வியர்த்து நிற்கும். வாழப்பாடியிலேயே செய்து, காயவைத்து, நன்றாகச் சுற்றி மேலே கொண்டுபோவதே நல்லது. கடனுக்கு இப்போது அலைய வேண்டாம். உரிமம் எடுக்கும் நேரத்தில் சேலம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டம் முடிந்ததும் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் உள்ள மத்திய அரசின் நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. தொழில் ஓடாவிட்டாலும் சோப்பு, எண்ணெய் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போக முடியும்.

இப்போதைக்கு விடுமுறை நாட்களில் அரை கிலோ எண்ணெயில், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்யட்டும். எடையை எல்லாம் நோட்டில் எழுதட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சோடா டப்பாவைப் பூட்டி வையுங்கள்.