யாரை அரெஸ்ட் பண்ணாங்கன்னு எங்க பார்க்கறது?

கேள்வி: சென்னையில எங்க சித்தப்பா பையனை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க சார், எந்த ஸ்டேஷன்னே தெரியல. அமெரிக்காவுல மாதிரி ஆன்லைன்ல பேரைப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: அங்க பல ஊர்ல ஷெரிஃப் (அந்த ஊர் போலீஸ் அதிகாரி) ஆபீஸ் சைட்லயே பேர், ஜாமீன் தொகை எல்லாம் வந்துடும், இங்க அவ்ளோ ஈஸி இல்லைங்க. ஆனா பிஎன்எஸ்எஸ்ங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 37-வது பிரிவுப்படி கைதானவங்க பேரு, அட்ரஸு, என்ன கேஸுன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எல்லார் கண்ணுலயும் படற மாதிரி போட்டே ஆகணும், அதுக்குன்னு ஒரு ஆபீசரே பொறுப்பு, அதனால தயங்காம உள்ள போய்க் கேளுங்க. வீட்டுக்குத் தகவல் சொல்றதும் அவங்க கடமைதான், சலுகை இல்ல. 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும் கழிச்சுக்கலாம். 2016 சுப்ரீம் கோர்ட் உத்தரவால எஃப்ஐஆரும் போலீஸ் சைட்ல ஏறும், பாலியல் வழக்கு மாதிரி சென்சிடிவ் கேஸ் தவிர. முதல்ல ஒரு வக்கீலைப் பிடிங்க.