மூன்றில் இரண்டு கிடைத்தால் எதிர்க்கட்சியோடு பேச்சு ஏன் குறைகிறது?

நம் இலங்கை நாடாளுமன்றத்தில் 225 பேர். அதில் 150 வாக்கு இருந்தால் அது மூன்றில் இரண்டு. அரசியலமைப்பைத் திருத்த அவ்வளவு வேண்டும்; சாதாரணச் சட்டத்துக்குத் தேவையில்லை.

வன்னியில் விதைப்பு நேரம் பாருங்கள். சொந்தமாக லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) இல்லாதவர் வரம்புச் சண்டையை மறந்து பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து தேத்தண்ணியும் குடித்து, "அண்ணை, நாளைக்கு ஒருக்கால் உழுது தாங்கோ" என்பார். சொந்த மெசின் வாங்கியவர் அந்தப் படலையைத் திறப்பதே அரிது. கோபமில்லை, தேவையில்லை, அவ்வளவுதான்.

2015இல் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத அரசு, சனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கும் 19ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்ற எதிர்த்தரப்பு கேட்ட மாற்றங்களை ஏற்கவேண்டி வந்தது. 2024இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது. கணக்குப்படி அதற்கு யாருடைய படலையும் தட்டத் தேவையில்லை. பேசுவதும் விடுவதும் அவர்களின் மனசு. எனக்கென்றால், எழுத்தில் இல்லாத மனசை நம்பக் கஷ்டம்.

"150 இருந்தால் எதையும் மாற்றலாம்" என்பது மட்டும் பிழை: ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் போன்ற உறுப்புரைகளில் கைவைக்க சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.