ஏழைகளின் ஆயுள் குறைவது ஏன் பெரிய செய்தி ஆவதில்லை?

செய்தி என்றால் 'நேற்று நடந்தது' என்று ஒன்று வேண்டும். வறுமையோ முப்பது நாற்பது வருடங்களில் மெல்ல மெல்ல ஆளைத் தின்கிறது. அதில் எந்த நாளைப் பிடித்து எழுதுவது? புது மருந்து வந்தால் எழுதுவது சுலபம்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1948 முதல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் உண்டு. ஆனாலும் மருத்துவர் டக்ளஸ் பிளாக் தலைமையில் அரசு அமைத்த ஆய்வுக் குழு கண்டது வேறு. ஓய்வு வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு, மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களைவிடச் சாதாரணக் கூலித் தொழிலாளர்களுக்கு இரண்டரை மடங்கு. வருமானம், வீடு, வேலை, கல்வி என்று முக்கியக் காரணங்கள் எல்லாம் மருத்துவமனைக்கு வெளியேதான் இருந்தன. அப்போதைய பிரதமர் தாட்சரின் அரசு அந்தக் குழுவின் அறிக்கையை 1980 ஆகஸ்டில், ஒரு பொது விடுமுறையை ஒட்டி, வெறும் 260 பிரதிகளாக வெளியிட்டது. யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள் என்பது என் கருத்து.

அப்புறம் 1987-ல் அதைத் தொடர்ந்து இன்னொரு அறிக்கை வந்தது. செய்தியாளர் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அதை வெளியிட இருந்த அமைப்பின் தலைவரே சந்திப்பை ரத்து செய்தார். ஆய்வாளர்கள் பக்கத்திலேயே வேறு இடத்தில் நிருபர்களிடம் பேசினார்கள். பத்திரிகைகள் பெரிதாக எழுதின! மரணங்களைவிட, மறைக்கப் பார்த்ததுதான் செய்தியானது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

சரி, எழுதும்போதாவது காரணத்தைச் சொல்கிறார்களா? பெரும்பாலும் 'புகைபிடிக்காதீர்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஈரம் கசியும் வாடகை வீட்டில் இரவு வேலை முடித்துத் திரும்புபவரிடம் அதைச் சொல்வது அநியாயம்.