டான்சில் எடுத்த பின் வலி ஏறுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 34. டான்சில் அகற்றி ஆறு நாளாகிறது. குறைந்துவந்த வலி மறுபடி கூடுகிறது, காதும் குத்துகிறது. தொண்டையில் வெள்ளைப் படலம். சீழ் பிடித்துவிட்டதா?

பதில்: சீழாக இருக்க வாய்ப்பு குறைவு. புண்ணை மூடும் ஃபைப்ரின் படலம் அது. வாய் நாற்றமும் அதனால்தான். சுரண்டாதீர்கள். 5 முதல் 10 நாளுக்குள் தானே உரியும். வலி ஏறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு செல்வதால் காது குத்துகிறது. பெரியவர்களுக்கு இரண்டு வாரம்கூட வலிக்கும்.

வலி வந்தபின் மாத்திரை தேடினால் பிடிபடாது. மருத்துவர் எழுதியதை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுங்கள். பாராசிட்டமால் என்றால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவென்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், கணக்கில் சேருங்கள். ஆஸ்பிரின் வேண்டாம்.

விழுங்கப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் தொண்டை வறண்டு வலி இரட்டிப்பாகும். மணிக்கு ஒரு டம்ளராவது, மடக்கு மடக்காக. ஆறின கஞ்சி, இட்லி, மோர்சாதம் சரி (மோர் புளித்திருந்தால் எரியும்). முறுக்கு, காரக்குழம்பு ஆகாது.

எச்சிலில் லேசான ரத்தக் கீற்று தெரிந்தால் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். சிவப்பாக ஒழுகினாலோ கட்டியாக வந்தாலோ நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்காமல் துப்பியபடி, உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், நள்ளிரவானாலும். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலும் காட்டுங்கள்.