வயலின் அச்சு ஏன் வயலினை விடச் சிறியதாக இருக்க வேண்டும்?

கேள்வி: ஒட்டுசுட்டானில் தச்சுவேலை செய்கிறேன். மகள் வயலின் பழகுகிறாள். அவளுடைய ஆசிரியரின் பழைய வயலினைக் கடதாசியில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதன்படியே முக்கால் அங்குலப் பிளைவுட்டில் அச்சு வெட்டினேன். பக்கப் பட்டியை வளைத்து வைத்துப் பார்த்தால் உடல் பெருத்துத் தெரிகிறது. எங்கே பிழை விட்டேன்? வீட்டில் நல்ல முதிரைப் பலகை கிடக்கிறது. அதில் வெட்டினால் இன்னும் திறமா?

பதில்: பிழை ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் என் முதல் அச்சில் நானும் விட்டேன்.

வயலினைச் சுற்றிக் கோடு போட்டால் கிடைப்பது முதுகுப்பலகையின் ஓரம். அந்த ஓரம் பக்கப் பட்டியைத் தாண்டி ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெளியே நிற்கும், கூரை ஓடு சுவரைத் தாண்டி நிற்கிற மாதிரி. பட்டியின் தடிப்பு இன்னொரு 1 மில்லிமீற்றர். நீங்கள் வெட்டுவது உள் அச்சு, அதாவது பட்டி வெளியே சுற்றி வர உள்ளே நிற்கிற அச்சு. அது இவை இரண்டுக்கும் உள்ளே அடங்க வேண்டியது. ஆகவே கோட்டிலிருந்து சுற்றிவர 4 மில்லிமீற்றர் உள்ளே வர வேண்டும். முழு அளவு வயலினின் உடல் நீளம் ஏறத்தாழ 356 மில்லிமீற்றர், கீழ் அகலம் 208. அச்சு 348க்கு 200 ஆக இருந்தால் சரி. நீங்கள் 356க்கு 208 ஆக வெட்டியதால், பட்டியும் ஓரமும் சேர 364க்கு 216 ஆகிவிடும். உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அந்தப் பழைய வயலின் முழு அளவுதானா என்றும் ஒருமுறை அளந்து பாருங்கள். 335 அளவில் இருந்தால் அது சிறுவர்களுக்கான முக்கால் வயலின்.

கோட்டை உள்ளே கொண்டுவர ஒரு வொஷர் போதும். முதலில் வயலின் வடிவத்தை ஒரு மட்டையில் வெட்டி எடுத்துவிடுங்கள். நமக்குத் தேவை வெட்டி எடுத்தது அல்ல, ஓட்டையோடு மிஞ்சுகிற மட்டை. ஓட்டையின் நடுவிலிருந்து வெளி விளிம்புவரை 4 மில்லிமீற்றர் உள்ள சின்ன வொஷரை எடுத்து, அதன் ஓட்டையில் கூரான பென்சில் நுனியை வைத்து, மட்டையின் உள் ஓரத்தை ஒட்டி உருட்டிக்கொண்டு போங்கள். கோடு தானாக விழும். நான்கு மூலைக் கூர்களுக்குள் மட்டும் வொஷர் நுழையாது. அங்கே வயலினின் பட்டி மூலை எங்கே முடிகிறது என்று பார்த்துக் கையால் வரைய வேண்டும். முதற்கோட்டைப் போடும்போது பென்சிலைச் சரித்துப் பிடித்தாலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடிவிடும். முதுகு வளைந்திருப்பதால் வயலின் ஆடவும் செய்யும். யாராவது அதை அசையாமல் பிடிக்கட்டும், நீங்கள் மூலைமட்டத்தை நிறுத்தி ஓரத்தை இறக்குங்கள்.

முழு வடிவத்தையும் வரைந்து அப்படியே வெட்டாதீர்கள். பழைய வயலின்கள் பெரும்பாலும் கோணல். இரண்டு பாதிகளில் தேயாத பாதியைத் தெரிந்து, அதை மட்டும் போமைக்காத் துண்டிலோ அலுமினியத் தகட்டிலோ வெட்டி அரத்தால் திருத்துங்கள். பிளைவுட்டில் நடுக்கோடு கீறி, கோட்டில் இரண்டு ஆணித் துளை போட்டு, பாதித் தகட்டை ஒரு பக்கம் வைத்து வரைந்து, பிறகு புரட்டி மறுபக்கம் வரையுங்கள். முழு வேலையிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இந்தத் தகடுதான். ஒரு மாலை முழுக்கப் போனாலும் போகட்டும்.

இரண்டாவது பிழை தடிப்பு. வயலின் பக்கத்தின் உயரம் 30 முதல் 32 மில்லிமீற்றர். அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் உள்ளே 7, 8 மில்லிமீற்றர் அகலத்தில் உட்பட்டி, அதாவது முகமும் முதுகும் ஒட்ட இடம் தருகிற மெல்லிய பட்டி, ஒட்ட வேண்டும். 30இல் இரண்டு எட்டைக் கழித்தால் மிச்சம் 14. முக்கால் அங்குலம் 19 மில்லிமீற்றர். இரு பக்கமும் உட்பட்டிக்கு இடம் இராது. அதற்காகப் பலகையை எறிய வேண்டாம். அச்சை நடுவில் வைக்காமல், முதுகுப் பக்கம் 10 மில்லிமீற்றர் இடம் விட்டு முகப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். முதுகுப் பக்க உட்பட்டியை ஒட்டி, முதுகுப்பலகையையும் ஒட்டியபின், அச்சை முகப் பக்கமாகத் தூக்கி எடுத்துவிட்டு மற்ற உட்பட்டியை ஒட்டலாம்.

முதிரையை விட்டுவிடுங்கள். அச்சு இசைக்காது. வயலின் முடிந்ததும் அது சுவரில் தொங்கப் போகிற கருவி. ஸ்ட்ராடிவாரி வால்நட் மரத்தில் செய்த அச்சுகள் கிரெமோனா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் நம் வன்னியில் வாடைக் காற்றோடு மழை கொட்டும் மாதங்களும் சோளகம் காயவைக்கும் மாதங்களும் ஒரே பலகையை இழுத்து நெளிக்கும். 200 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகையே ஈரம் கூடிக் குறைவதில் குறுக்காக ஒரு மில்லிமீற்றருக்கு மேல் மாறலாம். பிளைவுட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மலிந்த பிளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். முதிரையை மகளுக்கு ஒரு நல்ல பெட்டி செய்ய வைத்திருக்கலாம்.

இனி வெட்டு. கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் வெளியே ஜிக்சோவால் வெட்டி, மிச்சத்தை அரத்தால் இறக்குங்கள். ஓரம் எல்லா இடத்திலும் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிந்தால் முகம் ஒரு அளவு, முதுகு இன்னொரு அளவு ஆகிவிடும். பட்டிகளின் முனைகள் ஒட்டுகிற ஆறு கட்டைகளுக்கு, மேல், கீழ், நான்கு மூலை என அச்சின் ஓரத்தில் வெட்டு விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிளாம்ப் நுழைய ஓர் அங்குல ஓட்டை.

கட்டைகளை அச்சோடு ஒட்டும்போது கவனம். முதல் தடவை நான் தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையை வெட்டு முழுக்கப் பூசிவிட்டு, கடைசியில் அச்சை உளியால் பிளந்துதான் வெளியே எடுத்தேன். காய்ச்சிய வச்சிரத்தில் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற பசை) ஒரு கச்சான் பருப்பு அளவு போதும். பிறகு ஒரு தட்டில் கழன்றுவிடும். பட்டி அச்சோடு ஒட்டவே கூடாது, கட்டையோடு மட்டும். அதனால் வெட்டுகளை விட்டு மற்ற ஓரம் முழுக்க மெழுகுதிரி தேயுங்கள்.

உங்கள் பழைய அச்சிலேயே புதுக் கோட்டைப் போட்டு இறக்கலாம், பெரிதாக வெட்டியதில் ஒரு நன்மை அதுதான். மெழுகு பூசுவதற்கு முன் அச்சைக் கடதாசியில் வைத்துச் சுற்றி வரைந்து, நடுக்கோட்டைப் பிடித்துப் புரட்டி அதே கோட்டின் மேல் வையுங்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் விலகுகிற இடங்களில் பென்சிலால் குறி போட்டு, மறுபடி அரத்தை எடுங்கள்.